வீட்டுக்கு வெளியே சோலார் பேட்டரி வைப்பது எப்படி: பேட்டரியைக் கடைசியில் வாங்குங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சோலாருக்குப் பேட்டரி வைப்பவர்களில் பலர் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். முதலில் பேட்டரி வந்து இறங்கிவிடும். அப்புறம் அதை எங்கே வைப்பது என்று வீட்டைச் சுற்றி வந்து, கடைசியில் மேற்குச் சுவரிலோ மாடிப்படிக்கு அடியிலோ மாட்டிவிட்டு, எர்த் குழியை மட்டும் "மழை பெய்யட்டும், மண் இளகினதும் தோண்டிக்கலாம்" என்று தள்ளிப் போடுவார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினாலே பாதித் தொல்லை வராது. கணக்கு, இடம், எர்த், மேடை, வீட்டு வயரிங், கேபிள் எல்லாம் முடிந்த பிறகுதான் பேட்டரி வண்டியில் ஏற வேண்டும்.

இங்கே சொல்வது 48 வோல்ட் வகை எல்எஃப்பி பேட்டரிக்கு, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 51.2 வோல்ட் 100 ஆம்பியர் அவர், ஏறக்குறைய 5 யூனிட் கொள்ளளவு. கூடவே 3 முதல் 5 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டர், அதாவது பேனல், பேட்டரி, ஈபி மூன்றையும் ஒன்றாகக் கையாள்வது. நூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும் ஹை வோல்டேஜ் பேட்டரி வாங்குகிறீர்கள் என்றால் இதைப் பார்த்துச் செய்யாதீர்கள், அது கம்பெனி ஆள் வந்து செய்ய வேண்டிய வேலை. இதிலும் ஏசி பக்கம், மெயின் போர்டு வேலை எல்லாம் உரிமம் பெற்ற வயர்மேன் கையில்தான். இடம், மேடை, குழி, பைப் வரை நீங்களே நின்று செய்யலாம், சரியாக நடக்கிறதா என்று கேட்கவும் தெரிந்திருக்கும்.

1. முதலில் ராத்திரிக் கணக்கு

மொத்த வீட்டுக்கும் பேட்டரி என்று ஆரம்பித்தால் பணம் எங்கேயோ போய் நிற்கும். கரண்ட் போன ராத்திரியில் எது ஓடியே ஆக வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். நாலு ஃபேன், எட்டு மணி நேரம், 2.4 யூனிட். அதையே 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் ஒரு யூனிட்டுக்குள் முடிந்துவிடும். பேட்டரியைப் பெரிதாக்குவதைவிட ஃபேனை மாற்றுவது மலிவு, இதைக் கடைக்காரர் உங்களிடம் சொல்ல மாட்டார்.

51.2 வோல்ட்டை 100 ஆல் பெருக்கினால் 5,120 வாட் அவர், அதாவது 5.12 யூனிட். அதில் 10 சதவீதம் ஒதுக்கிவைத்து, இன்வெர்ட்டர் தின்பதையும் கழித்தால் கைக்கு வருவது 4.2 யூனிட் சுமாராக. ஃபிரிட்ஜ், லைட், டிவி, வைஃபை, பிஎல்டிசி ஃபேன் என்று இருக்கும் வீட்டுக்கு ஒரு ராத்திரிக்கு இது தாராளம்.

போர் மோட்டாரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நம் பக்கத்தில் தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டது, மோட்டாரும் அதற்கேற்ற அளவு. ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஓடும் கரண்ட்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் பிஎம்எஸ் என்ற சர்க்யூட் பயந்து ஆஃப் ஆகிவிடும். த்ரீ ஃபேஸ் மோட்டார் சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டரில் ஓடவே ஓடாது. பகலில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஏற்கெனவே ஆன்கிரிட் சோலார், அதாவது பேட்டரி இல்லாமல் ஈபியோடு இணைந்தது, போட்டவர்களுக்கு. ஈபி கரண்ட் போனால் உங்கள் சோலாரும் நின்றுவிடும், வெயில் கொளுத்தினாலும். லைன்மேன் கம்பத்தில் இருக்கும்போது உங்கள் வீட்டிலிருந்து கரண்ட் போகக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த இன்வெர்ட்டரில் பேட்டரியை நேரடியாகச் சேர்க்கவும் முடியாது. புதிதாகப் போடுபவர்கள் ஆரம்பத்திலேயே ஹைபிரிட் இன்வெர்ட்டர் கேளுங்கள். பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு வரும் 78,000 ரூபாய் மானியம் பேனல் அமைப்புக்குத்தான், பேட்டரியின் விலை முழுக்க உங்கள் பை.

வெளிப்படையாகச் சொன்னால், கரண்ட் பில்லை மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் பேட்டரி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நெட் மீட்டர் இருக்கும் வீட்டில் மிச்சக் கரண்ட் ஈபிக்குப் போய்க் கணக்கில் கழிந்துவிடுகிறது. அடிக்கடி கரண்ட் போகிற ஊர், ராத்திரி படிக்கும் பிள்ளைகள், மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ், இப்படிக் காரணம் இருந்தால் வாங்குங்கள்.

2. இடம்: இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்

பேட்டரியைக் கொல்வது மழை என்று நினைக்கிறோம். இங்கே அது வெயில். பெரும்பாலான எல்எஃப்பி பேட்டரிகளின் விவரத் தாளில் சார்ஜ் ஆகும் வெப்ப அளவு 0 முதல் 45 அல்லது 50 டிகிரி வரை என்று இருக்கும், டிஸ்சார்ஜுக்கு 60 வரை. தர்மபுரி, அரூர், ஊத்தங்கரைப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் நிழலிலேயே 38, 40 டிகிரி சாதாரணம். அதாவது பெட்டிக்கு மிஞ்சியிருக்கும் இடைவெளி ஐந்து பத்து டிகிரிதான். நேர் வெயில் பட்டால் அந்த இடைவெளி ஒரே மணி நேரத்தில் காலி. பிஎம்எஸ் சார்ஜை நிறுத்திவிடும், அதுவும் பேனல் நன்றாகக் கொடுக்கும் நேரம் பார்த்து.

ஓசூர், தேன்கனிக்கோட்டை ஆட்களுக்கு இது கொஞ்சம் சுலபம், ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், சில டிகிரி குறைவு. ஆனால் குளிருக்காக ஹீட்டர் வைத்த மாடல் என்று கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஹீட்டர் வேலை செய்வது பூஜ்யம் டிகிரியை ஒட்டி, தளியின் மார்கழிக் குளிருக்கே அது தேவைப்படாது.

எந்தச் சுவர்? மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம். மதியம் இரண்டு மணிக்கு மேல் காற்று உச்ச சூட்டில் இருக்கும்போது, பேட்டரியும் சார்ஜாகிச் சூடாகி நிற்கும்போது, வெயிலும் அதே சுவரில் அடிக்கும். தெற்குச் சுவரில் கார்த்திகை முதல் மாசி வரை பகல் முழுக்க வெயில். கிழக்கு பரவாயில்லை, காலை வெயில் படும்போது பேட்டரி இன்னும் சூடாகத் தொடங்கியிருக்காது.

வடக்குச் சுவர்தான் நல்லது, ஆனால் "வடக்கே வெயிலே படாது" என்று நம்பிக் கூரை போடாமல் விடாதீர்கள். நம் மாவட்டங்கள் 12 முதல் 13 டிகிரி அட்சரேகையில் இருக்கின்றன. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே போகிறது. ஜூன் மாதம் வடக்குச் சுவரில் காலையிலும் மாலையிலும் சாய்வான வெயில் படும். ஜனவரியில் இடம் பார்த்து மாட்டுகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஆகவே வடக்குச் சுவர், அதோடு இரண்டு அடி நீண்ட சன்ஷேடோ கூரையோ.

இடம் பார்க்கும்போது மேலேயும் நிமிர்ந்து பாருங்கள். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் பைப், டேங்க் நிரம்பி வழியும் குழாய், தென்னை மரம், கோடை மழைக் காற்றில் முறியக்கூடிய மாங்கிளை, இவற்றுக்கு நேர் கீழே வைக்கக் கூடாது.

கதவு, ஜன்னல், கேஸ் சிலிண்டர் ஆகியவற்றிலிருந்து குறைந்தது மூன்று அடி தள்ளியிருக்கட்டும். எல்எஃப்பி மற்ற லித்தியம் வகைகளைவிடப் பாதுகாப்பானதுதான், ஆனாலும் கெட்டுப்போனால் வெளிவரும் புகை நச்சு, எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும், அது படுக்கையறைக்குள் போகக் கூடாது. மாடிப்படிக்கு அடியில் வேண்டாம் என்பதும் இதனால்தான், மாடியில் இருப்பவர் இறங்கி ஓட வேண்டிய வழி அது.

மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சுவரும் வேண்டாம். கோமியத்திலிருந்து வரும் அம்மோனியா, தாமிர முனைகளை மெல்ல அரிக்கும். வைக்கோல் போர் பக்கத்தில் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, இன்வெர்ட்டர் எங்கே இருக்கும்? பேட்டரியும் இன்வெர்ட்டரும் சுவரின் இரண்டு பக்கத்தில் முதுகோடு முதுகாக இருப்பது அருமையான அமைப்பு: உள்ளே இன்வெர்ட்டர், வெளியே பேட்டரி. 5 கிலோவாட் இழுக்கும்போது 48 வோல்ட் பக்கத்தில் 100 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. 35 ஸ்கொயர் எம்எம் தாமிரக் கேபிளில் பத்து மீட்டர் தள்ளி வைத்தால், போகவர இருபது மீட்டருக்கு ஒரு வோல்ட் விழும், 100 வாட் கேபிளிலேயே சூடாகிப் போகும். மூன்று மீட்டருக்குள் வைத்தால் இந்தக் கவலை இல்லை. பேனலிலிருந்து வரும் வயர் நீளமாக இருக்கலாம், அதில் வோல்ட் அதிகம், ஆம்பியர் கம்மி.

3. மாடலை முடிவு செய்யுங்கள், ஆர்டர் போடாதீர்கள்

முதலில் பார்க்க வேண்டியது ஐபி எண். ரேக்கில் அடுக்கும் பேட்டரிகள் பெரும்பாலும் ஐபி20. விரல் உள்ளே போகாது, அவ்வளவுதான், தண்ணீருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. வெளியில் வைக்க ஐபி65 வேண்டும்: முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி20 பேட்டரி விலை குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, லோக்கல் பட்டறையில் தகரப் பெட்டி அடித்து உள்ளே வைப்பவர்கள் இருக்கிறார்கள். மழை போகாதபடி அடைத்தால் சூடும் வெளியே போகாது. அந்த மிச்சம் நிலைக்காது.

ஐபி65 என்றால் வெயிலுக்கும் தாங்கும் என்று அர்த்தம் இல்லை. அந்த எண் வெயிலைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: உங்கள் இன்வெர்ட்டர் மாடல் இந்தப் பேட்டரியின் பொருத்தப் பட்டியலில் இருக்கிறதா, இரண்டுக்கும் இடையில் போகும் கம்யூனிகேஷன் கேபிள் கூடவே வருமா, வெளியில் வைத்தால் வாரண்டி உண்டா. மூன்றாவதை எழுத்தில் வாங்குங்கள். "எல்லாம் ஓடும் சார்" என்பது பதில் இல்லை.

4. எர்த் குழி: நம் ஊர்ப் பாறையோடு மல்லுக்கட்டும் வேலை

இதைப் பேட்டரி வருவதற்கு முன்பே முடிக்கச் சொல்வதற்குக் காரணம் நம் நிலம். மூன்றடி தோண்டினால் பாறை, அதற்கு மேல் சரளையும் செம்மண்ணும். இப்படிப்பட்ட மண்ணில் எர்த் ராட் அடிப்பது ஒரு நாள் வேலையாக முடியாது. இடம் மாற்றித் தோண்ட வேண்டியிருக்கும், சில சமயம் டிரில் வண்டி கூப்பிட வேண்டியிருக்கும். பேட்டரி வந்து காத்திருந்தால் அவசரத்தில் இரண்டடி ராடை வெட்டிப் புதைத்துவிட்டு மண் மூடிவிடுவார்கள், மேலே பார்த்தால் யாருக்கும் தெரியாது.

ராட் முழு ஆழம் இறங்கவில்லை என்றால் செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, இரண்டு மூன்று ராடுகளை, ஒரு ராடின் நீளத்துக்குக் குறையாத இடைவெளியில் இறக்கி, ஸ்ட்ரிப் போட்டு எல்லாவற்றையும் இணைப்பது. நெருக்கி அடித்தால் பலன் பாதிதான். இன்னொன்று, இரண்டு இரண்டரை அடி ஆழத்தில் நீளமாக வாய்க்கால் எடுத்து ஜிஐ பட்டையைப் படுக்கவைத்து, எர்த்திங் காம்பவுண்ட் போட்டு மூடுவது. பாறை நிலத்தில் இரண்டாவது பெரும்பாலும் நன்றாக வரும்.

எந்தப் பக்கம் தோண்டுவது என்றால், குளியலறைத் தண்ணீர் போகும் பக்கம், தென்னைப் பாத்திப் பக்கம். ஈரம் இருந்தால்தான் எர்த்.

உப்பும் கரியும் போடும் பழைய முறை முதல் வருஷம் நல்ல அளவு காட்டும். உப்பு மழையில் கரைந்து போகும், போவதற்கு முன் ஜிஐ ராடையும் அரித்துவிடும். பென்டோனைட் கலந்த காம்பவுண்ட் பைகள் விலை பெரிதில்லை.

எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குக் கீழே வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் அளக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் எந்தக் குழியும் நல்ல குழிதான்.

பேட்டரி பாடி, இன்வெர்ட்டர் பாடி, பேனல் ஸ்டாண்டு மூன்றும் ஒன்றோடொன்று இணைந்த எர்த்தில் இருக்க வேண்டும். பேட்டரிக்கு மட்டும் தனியாக எங்கேயோ ஒரு ராட் அடித்து, வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் விட்டால், பக்கத்தில் இடி விழும்போது இரண்டு குழிக்கும் இடையில் வோல்டேஜ் வித்தியாசம் வரும். அது சமன் ஆகத் தேடும் வழி உங்கள் இன்வெர்ட்டர் போர்டுதான். இடிதாங்கிக்குத் தனிக் கம்பி, தனிக் குழி, அந்தக் கம்பி பேட்டரி கேபிளோடு சேர்ந்து ஓடக் கூடாது. குழிகள் மட்டும் மண்ணுக்குள் இணையலாம். சித்திரை, வைகாசிக் கோடை இடியைப் பார்த்தவர்கள், திடீரென ஏறும் வோல்டேஜை எர்த்துக்குத் தள்ளிவிடும் எஸ்பிடிக்கும் காசு ஒதுக்குவார்கள்: பேனல் வரும் டிசி பக்கம் ஒன்று, ஈபி வரும் ஏசி பக்கம் ஒன்று. எர்த் சரியில்லாமல் எஸ்பிடி வைப்பது வீண், அது தள்ளிவிடும் மின்சாரம் போக இடம் வேண்டுமே.

5. மேடை, சுவர், கூரை

ஒரு பேட்டரி 45 முதல் 55 கிலோ. தரையில் வைக்கும் வகை என்றால் ஒரு அடி உயரத்துக்கு மேடை கட்டுங்கள். மழைத் தண்ணீர் தெறிப்பது ஒரு அடி வரைதான் பெரும்பாலும், எறும்பும் எலியும் கொஞ்சம் யோசிக்கும். மேலே கிரானைட் பலகை போடுங்கள், கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு துண்டுக் கல்லுக்கு அலைய வேண்டியதில்லை. ரசமட்டம் வைத்துப் பாருங்கள், சாய்ந்திருந்தால் அடுக்கும் மாடல்களில் மேல் பெட்டியின் கனெக்டர் சரியாக உட்காராது.

சுவரில் மாட்டும் வகை என்றால் சுவர் என்ன சுவர் என்று தட்டிப் பாருங்கள். ஹாலோ பிளாக் சுவரில் ஆங்கர் போல்ட் பிடிக்காது. பிளாக்கின் ஓடு ஓர் அங்குலம் சொச்சம்தான், உள்ளே காற்று. மாட்டிய அன்று நிற்கும், அப்புறம் மெல்லக் கழன்று வரும். அந்த இடத்தில் குழியைக் கான்கிரீட் கொண்டு நிரப்புங்கள், அல்லது போல்ட்டை மறுபக்கம் வரை விட்டு உள்பக்கம் இரும்புப் பட்டை வைத்து முடுக்குங்கள். அதைவிடத் தரையிலிருந்து ஆங்கிள் ஸ்டாண்டு அடிப்பதே சுலபம்.

கூரைக்குத் தகர ஷீட் போடலாம், ஆனால் பெட்டிக்கும் ஷீட்டுக்கும் நடுவில் ஒரு அடிக்கு மேல் இடைவெளி விடுங்கள். சூடான தகரம் தன் பங்குக்குக் கீழே சூட்டை இறக்கும். பக்கவாட்டை அடைக்காதீர்கள். திருட்டுப் பயம் இருந்தால் கம்பி வலைக் கூண்டு, பூட்டு. சாவி இருக்கும் இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். வண்டி திரும்பும் இடமானால் முன்னால் ஒரு கல்தூண்.

6. வீட்டு வயரிங்கைப் பிரிப்பது

இந்த வேலையைப் பேட்டரி வந்த பிறகு ஆரம்பித்து மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். பழைய வீடுகளில் இன்வெர்ட்டருக்கு என்று ஒரு ஃபேஸ் வயர் மட்டும் இழுத்திருப்பார்கள், நியூட்ரல் எல்லாவற்றுக்கும் பொது. ஹைபிரிட் இன்வெர்ட்டருக்கு இது ஒத்துவராது. பேக்கப் அவுட்புட்டில் போகும் கரண்ட் அதே அவுட்புட்டின் நியூட்ரல் வழியாகத்தான் திரும்ப வேண்டும். பொது நியூட்ரலில் கலந்தால், ஷாக் அடித்தால் கரண்ட்டை நிறுத்தும் ஆர்சிசிபி காரணமே இல்லாமல் விழும், சில இன்வெர்ட்டர்கள் ஃபால்ட் காட்டி நிற்கும்.

ஆகவே கரண்ட் போனாலும் ஓட வேண்டிய பேக்கப் லோடுகளுக்குத் தனி டிபி பெட்டி (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி), தனி ஃபேஸ், தனி நியூட்ரல், தனி ஆர்சிசிபி. எந்த ரூம் நியூட்ரல் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க வயர்மேனுக்கு ஒரு நாள் முழுக்க ஆகலாம், அந்தக் கூலியைப் பேரம் பேசாதீர்கள்.

இன்னொரு கேள்வியையும் அவரிடம் கேளுங்கள்: ஈபி இல்லாத நேரத்தில் நியூட்ரலும் எர்த்தும் இணைகிறதா? சில இன்வெர்ட்டர்கள் உள்ளேயே ரிலே வைத்து இணைக்கும், சிலவற்றில் செட்டிங்கில் போட வேண்டும், சிலவற்றில் கிடையாது. இணையாவிட்டால் ஷாக் அடித்தாலும் ஆர்சிசிபி விழாது. ஈபி மெயினை ஆஃப் செய்துவிட்டு ஆர்சிசிபி டெஸ்டரை பேக்கப் பிளக்கில் சொருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பட்டன் இதைக் காட்டாது, அது எர்த் இல்லாமலே விழும்.

7. துளை, பைப், கேபிள், ஃப்யூஸ்

சுவர்த் துளையை உள்ளிருந்து வெளியே சரிவாகப் போடுங்கள். மட்டமாகவோ உள்பக்கம் சரிந்தோ இருந்தால் மழைத் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே இன்வெர்ட்டருக்கு வரும். பெட்டிக்குள் நுழைவது எப்போதும் கீழிருந்து, நுழைவதற்கு முன் கேபிள் ஒரு வளைவு தாழ்ந்து ஏற வேண்டும், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

வீட்டுக்குள் போடும் சாதா பிவிசி பைப்பை வெயிலில் விட்டால் இரண்டு மூன்று கோடையில் முறுக்குபோல நொறுங்கும். வெளியில் எச்டிபிஇ அல்லது ஜிஐ பைப். பைப் முனைகளை மூடுங்கள். எலி கடிப்பது தடித்த கேபிளை இல்லை, மெல்லிய கம்யூனிகேஷன் கேபிளை.

5 கிலோவாட் இன்வெர்ட்டருக்கு 35 ஸ்கொயர் எம்எம் தாமிரம். அலுமினியம் வேண்டாம். கேபிள் முனையில் மாட்டும் லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்த வேண்டும், சுத்தியால் தட்டி டேப் சுற்றுவது கிரிம்பிங் இல்லை. 100 ஆம்பியர் ஓடும் இடத்தில் லூஸ் லக் இருந்தால் முதலில் சூடாவதும் கருகுவதும் அதுதான்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே டிசி ஃப்யூஸ், அதை அடுத்து டிசி பிரேக்கர், 125 ஆம்பியர் அளவில், உங்கள் இன்வெர்ட்டர் கையேட்டில் என்ன சொல்லியிருக்கிறதோ அது. வீட்டில் மிஞ்சிய ஏசி எம்சிபியை இங்கே போடாதீர்கள். ஏசியில் மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுகிறது, பொறி தானாக அணையும். டிசியில் அப்படித் தொடுவதில்லை, பொறி இழுத்துக்கொண்டே நின்று எம்சிபியையே எரித்துவிடும். டிசி எம்சிபியிலும் பிளஸ் மைனஸ் குறி போட்டது உண்டு, தலைகீழாக இணைத்தால் அதே கதி.

8. இப்போது பேட்டரியை வாங்குங்கள்

முன்னாடியே வாங்கி மூலையில் வைப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. பேட்டரி அரைகுறை சார்ஜில்தான் வரும். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் பிஎம்எஸ் தன் பங்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, ஒரு கட்டத்தில் பூட்டிக்கொள்ளும். வாரண்டி நாளும் பில் தேதியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும்.

பெட்டியைப் பிரித்ததும் சீரியல் நம்பரைப் படம் எடுங்கள், வோல்ட் பாருங்கள். 51, 52 சுற்றி இருந்தால் சரி. மூலை நசுங்கியிருந்தால் இறக்கவே விடாதீர்கள்.

வேலைக்கு முன் உடம்பில் இருக்கும் உலோகம் எல்லாம் கழட்ட வேண்டும்: மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலி, வெள்ளி அரைஞாண் உட்பட. 51 வோல்ட் ஷாக் பெரிதாக அடிக்காது என்பதால் அலட்சியம் வரும். ஆனால் இரண்டு முனைக்கும் நடுவில் ஸ்பேனர் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், இரும்பு உருகித் தெறிக்கும். ஸ்பேனரின் கைப்பிடிக்கு டேப் சுற்றி, முனை மட்டும் தெரியும்படி வையுங்கள்.

முதலில் எர்த் வயர், அப்புறம் பிரேக்கர் ஆஃபில் இருக்கும்போதே மெயின் கேபிள்கள், கடைசியில் கம்யூனிகேஷன் கேபிள். போல்ட்டைக் கையேட்டில் உள்ள டார்க் (முடுக்கும் விசை) அளவுக்கு முடுக்குங்கள், முடுக்கியதும் மார்க்கரில் ஒரு கோடு போடுங்கள், பின்னால் நகர்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு பேட்டரி என்றால் ஒரே மாடல், இரண்டையும் தனித்தனியாக முழு சார்ஜ் ஏற்றி வோல்ட் சமமான பிறகுதான் சேர்க்க வேண்டும். இன்வெர்ட்டருக்குப் போகும் பாசிட்டிவை முதல் பேட்டரியிலும் நெகட்டிவை இரண்டாவதிலும் எடுங்கள், அப்போதுதான் இரண்டும் சமமாக உழைக்கும். வீட்டில் இருக்கும் பழைய டியூபுலர் பேட்டரியை இதோடு சேர்க்கலாமா என்று கேட்பார்கள். கூடாது.

பெட்டியில் சின்னதாக ஒரு வட்டமான வென்ட் இருக்கும், உள்ளே காற்றழுத்தம் சமன் ஆவதற்கு. மழை போகும் என்று அதில் சிலிக்கான் பூசிவிடுகிறார்கள். அதை அடைத்தால் ராத்திரி குளிரும்போது பெட்டி ரப்பர் வழியாக ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். சூளகிரி, ஓசூர் பக்கம் தை மாதப் பனியில் இந்த ஈரம் உள்ளேயே நீராகி நிற்கும்.

9. ஆன் செய்யும் வரிசை, செட்டிங்

பேட்டரி பிரேக்கர், பேட்டரி சுவிட்ச், இன்வெர்ட்டர், அப்புறம் பேனல், கடைசியில் ஈபி. ஆஃப் செய்வது இதற்கு நேர் எதிர். பேனலை முதலில் போட்டால் இன்வெர்ட்டர் பேட்டரியின் வோல்ட்டைப் பார்ப்பதற்கு முன்பே வெயிலின் வோல்ட்டைப் பார்க்கும், சில மாடல்கள் அதில் குழம்பிப் போகும்.

இன்வெர்ட்டரில் பேட்டரி வகையை லித்தியம் என்று மாற்றி, இரண்டும் பேசும் முறை கேன் அல்லது ஆர்எஸ்485 எது என்று தேர்ந்தெடுங்கள். திரையில் பேட்டரி சதவீதமும் செல் வெப்பமும் தெரிந்தால் இரண்டும் பேசுகின்றன என்று அர்த்தம். சதவீதம் மட்டும் தெரிந்து வெப்பம் தெரியாவிட்டால், இன்வெர்ட்டர் வோல்ட்டை வைத்து ஊகிக்கிறது. எல்எஃப்பியில் அந்த ஊகம் ஒன்றுக்கும் உதவாது, 30 சதவீதத்திலும் 70 சதவீதத்திலும் வோல்ட் ஏறக்குறைய ஒன்றுதான்.

பேச வைக்கவே முடியாத பழைய இன்வெர்ட்டர் என்றால் யூசர் மோடில் சார்ஜ் 56.4, ஃப்ளோட் 54, கட் ஆஃப் 48 வோல்ட் என்று வைத்து, ஈக்குவலைசேஷனை ஆஃப் செய்யுங்கள். அது லெட் ஆசிட் பேட்டரிக்கான வசதி, லித்தியத்தில் விட்டால் பிஎம்எஸ் விழும்.

சார்ஜ் கரண்ட் 50 ஆம்பியருக்கு மேல் வேண்டாம், கோடையில் 30 போதும். மெதுவாக ஏறினால் சூடு குறைவு.

கிராமத்தில், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி இருக்கும் வீடுகளில் வோல்டேஜ் 170க்கும் கீழே இறங்கும். இன்வெர்ட்டரில் இன்புட் வரம்பு யுபிஎஸ் என்று இருந்தால் உடனே பேட்டரிக்குத் தாவும், ஈபி இருக்கும்போதே பேட்டரி தீர்ந்துபோகும். அப்ளையன்ஸ் என்ற அகலமான வரம்புக்கு மாற்றுங்கள். ஆனால் அப்போது குறைந்த வோல்ட் அப்படியே ஃபிரிட்ஜுக்குப் போகும், அதற்கு ஸ்டெபிலைசர் இருக்கட்டும்.

10. முதல் வாரம்

முதல் தடவை 100 சதவீதம் வரை ஏற்றி, அங்கேயே சில மணி நேரம் நிற்க விடுங்கள். செல்கள் சமமாவதும், பிஎம்எஸ் தன் கணக்கைச் சரிசெய்வதும் அங்கேதான்.

அப்புறம் ஒரு மாலையில் ஈபி மெயினை நீங்களே ஆஃப் செய்து, எல்லா பேக்கப் லோடையும் போட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஒவ்வொரு லக், ஃப்யூஸ், பிரேக்கர் மேலும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் காட்டிப் பாருங்கள். எல்லாம் ஒரே சூட்டில் இருந்து ஒன்று மட்டும் பத்துப் பதினைந்து டிகிரி கூட இருந்தால் அதுதான் லூஸ். மழை வந்த மறுநாள் பெட்டியின் அடியிலும், கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் கிளாண்டிலும் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து, எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு, மார்க்கர் கோடுகளைப் பார்த்து மறுபடி முடுக்குங்கள்.

11. அதற்குப் பிறகு

மாதம் ஒரு முறை ஐந்து நிமிஷம் போதும். குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா, கிளாண்ட் ரப்பர் வெடித்திருக்கிறதா, உலர்ந்த இலை சேர்ந்திருக்கிறதா. குவாரி, கல் பாலிஷ் பட்டறைப் பக்கம் வீடு என்றால் இன்வெர்ட்டர் ஃபேன் ஃபில்டரை இன்னும் சீக்கிரம் தட்ட வேண்டும். வாசலுக்குத் தண்ணீர் அடிக்கும் ஹோஸைப் பெட்டி பக்கம் திருப்பாதீர்கள், உலர்ந்த துணி போதும்.

பெட்டி உப்பினாலோ, வித்தியாசமான இனிப்பு வாசனையோ புகையோ வந்தாலோ அருகில் போய்ப் பார்க்கும் வேலை வேண்டாம். உள்ளே இருக்கும் இன்வெர்ட்டரையும் ஈபி மெயினையும் எட்ட முடிந்தால் ஆஃப் செய்துவிட்டு, வீட்டில் எல்லோரையும் புகை போகாத பக்கமாக, அதாவது காற்று வரும் பக்கமாகக் கூட்டிக்கொண்டு தள்ளிப் போய், 101 அல்லது 112க்குக் கூப்பிட்டு "லித்தியம் பேட்டரி" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது வென்ட் மேலும் கிளாண்ட் மேலும் பெயின்ட் படாமல் டேப் ஒட்டச் சொல்லுங்கள், பேட்டரியை அன்றைக்கு ஆஃபில் வையுங்கள். ஆட்கள் கிளம்பும் முன் டேப்பை உரித்துவிட்டார்களா என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள், அதை மறந்துவிட்டுப் போவதுதான் வழக்கம்.